மண் குதிரை, நரிக் குதிரை, பேரேட்டுக் குதிரை

தஞ்சாவூர்ப் பக்கம் எல்லா வகைக் குதிரையும் உண்டு. ஊர் எல்லையில் அய்யனாருக்குத் துணையாக மண் குதிரை நிற்கிறது. தாராசுரம் கோயிலில் ராஜகம்பீரன் மண்டபத்தையே தேராக நினைத்துக்கொண்டு கல் குதிரை இழுக்கிறது. திருவிழா வந்தால் பொய்க்கால் குதிரை ஆடுகிறது. தேடினால்தான் கிடைக்கும் என்பது ஒன்றே ஒன்றுதான்... கொள்ளு தின்று, லாடம் கட்டி, நான்கு கால் பாய்ச்சலில் ஓடும் நிஜக் குதிரை!

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினாற்போல" என்று ஒரு பழமொழி. அது குதிரையே இல்லை, 'குதிர்', அதாவது ஆற்று நடுவில் சேர்ந்திருக்கும் மணல் மேடு என்று தமிழாசிரியர்கள் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. அது சரியென்றால் பழமொழிக்குள் இருந்த ஒரு குதிரையும் போச்சு :-)

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. இது நஞ்சை பூமி. வருஷத்தில் பல மாதம் தண்ணீர் நிற்கிற களிமண். குளம்பு எப்போதும் ஈரத்தில் இருந்தால் குதிரைக்கு ஆகாது. அது ஓடி மேய்வதற்குக் காய்ந்த மேட்டு நிலம் வேண்டும். இங்கே ஒரு குழி நிலம் கிடைத்தாலும் அதில் நாற்று நட்டுவிடுவார்கள். அதனால்தான் குதிரைப் பண்ணைகள் எல்லாம் மேட்டில் இருக்கின்றன. திப்பு சுல்தான் காலத்தோடு பெயர் இணைந்த குனிகல் பண்ணை கர்நாடகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் என்றால் ஓசூர் பக்கம் மத்திகிரி. இன்று அது கால்நடைப் பண்ணை. ஆனால் 1824-ல் ஆரம்பித்தபோது ராணுவத்துக்குக் குதிரை தயார் செய்யும் பண்ணையாகத்தான் ஆரம்பித்தார்கள்.

ஆனால் ராஜாக்கள் விடுவார்களா? குதிரைப்படை இல்லாமல் என்ன ராஜா? விளையாத சரக்கை இறக்குமதி செய்ய வேண்டியதுதான். காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில் கப்பலில் வந்த குதிரைகள் நின்றதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் கல்வெட்டுகளில் 'குதிரைச்செட்டி' என்றே ஒரு வணிகர் கூட்டம் வருகிறது. 1279-க்குப் பிறகு சோழர் கதை முடிந்து டெல்டா பாண்டியர் கைக்குப் போனது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு கணக்குக் கொடுக்கிறார். இங்கே ஐந்து சகோதர அரசர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 2,000-க்கும் மேல் குதிரை வாங்குகிறார்கள், வருஷ முடிவில் 100 கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார். மனிதர் கொஞ்சம் கதை விடுபவர் என்று பெயர் எடுத்தவர், அதனால் உடனே நம்ப வேண்டாம். ஆனால் வாஸஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் தனியாக ஒரு கணக்கு எழுதியிருக்கிறார். வருஷத்துக்கு மொத்தம் 10,000 குதிரை, ஒன்றின் விலை 220 பொன் தினார். ஐந்து பெருக்கல் 2,000 எவ்வளவு? இரண்டு பேருடைய புத்தகமும் டேலி ஆகிறது!

22 லட்சம் தினார் வருஷா வருஷம் வெளியே போகிறது, வாங்கிய சொத்து அதே வருஷத்தில் பூஜ்யம் ஆகிறது. பி.காம். படிக்கிறவர்கள் இதற்கு எத்தனை சதவீதம் தேய்மானம் எழுதுவது என்று யோசித்துக்கொள்ளட்டும்.

ஏன் செத்தன? குதிரைக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டார்கள் என்கிறார் போலோ. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆட்கள் இங்கே இல்லை. விற்க வந்த வியாபாரிகளும் அப்படிப்பட்டவர்களை இங்கே அழைத்து வராமல் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் ஆர்டர்! இன்னொன்றும் சொல்கிறார். நல்ல உயரமான பெண் குதிரையையும் நல்ல உயரமான ஆண் குதிரையையும் இங்கே சேர்த்தாலும் பிறப்பது கால் கோணிய சோகைக் குட்டிதான், ஏறி உட்கார முடியாது என்று. இந்தக் குட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஆக, இரண்டாயிரம் வருஷமாகக் குதிரை வந்துகொண்டே இருந்தது, ஆனால் வம்சம் உண்டாகவில்லை. ஒவ்வொரு குதிரையும் அப்பன் பெயர் தெரியாமல் கப்பலில் வந்து இறங்கிய குதிரை. அப்படியானால் வாங்குகிறவனுக்குப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. முன்னால் நிற்பது என்ன குதிரை என்று எப்படித் தெரியும்?

இந்தத் தலைவலியைப் பற்றி ஒரு பிரமாதமான கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் இப்படி யோசித்துப் பார்த்திருக்க மாட்டோம். பாண்டிய மன்னன் மாணிக்கவாசகரிடம் குதிரை வாங்கப் பணம் கொடுத்து அனுப்புகிறான். அவர் திருப்பெருந்துறையில் (இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில்) அந்தப் பணத்தையெல்லாம் சிவன் பணிக்குச் செலவழித்துவிடுகிறார். சிவன் நரிகளையெல்லாம் பரிகளாக்கி, தானே குதிரை வியாபாரியாக வந்து மதுரையில் டெலிவரி கொடுக்கிறார். ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். திருவிளையாடல் புராணத்தில் அந்த இடத்தில் குதிரை இலக்கணம் எல்லாம் வரும். அங்க லட்சணம் அத்தனையும் சுத்தம்! ராத்திரி ஆனதும் எல்லாம் மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போயின. பக்தர்களுக்கு இது இறைவனின் விளையாட்டு. குதிரைச் சந்தைக்காரனுக்கு இது வேறு பாடம். உடம்பில் எல்லா அடையாளமும் சரியாகத்தான் இருந்தது, அப்பன்தான் நரி!

உடம்பைப் பார்த்துக் குதிரையை எடைபோடும் சாஸ்திரத்துக்கு அஸ்வசாஸ்திரம் என்று பெயர். பஞ்சபாண்டவரில் நகுலன்தான் இதற்கு அத்தாரிட்டி. விராடன் அரண்மனையில் மறைந்திருந்தபோது அவன் பார்த்த வேலையும் குதிரை லாயத்தில்தான். அவன் பெயரில் வழங்கும் அஸ்வசாஸ்திரத்தைத் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் 1952-ல் படங்களோடு அச்சிட்டது. குதிரையின் நிறம், பல், குரல், நடை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுழி. நெற்றியில் சுழி இருந்தால் என்ன, தொண்டையில் இருந்தால் என்ன, எது எஜமானனுக்கு ஆகும், எது ஆகாது என்று இந்தச் சாஸ்திரம் பார்த்துக்கொண்டே போகும். இது ஏதோ ஓலைச்சுவடியோடு முடிந்த விஷயம் இல்லை. டெல்டாவில் இன்றும் மாட்டுச் சந்தையில் தரகர் முதலில் பார்ப்பது சுழியைத்தான். 'பாடைச்சுழி', 'இறங்குபூரான்', 'பெண்டிழந்தான் சுழி' என்று பெயரைக் கேட்டாலே மாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் போலிருக்கும். பாவம், பெண்டிழந்தான் சுழி உள்ள காளையைப் பிரம்மச்சாரி வாங்கினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

அந்த நூலகத்தை உலகப் புகழுக்குக் கொண்டுவந்த சரபோஜி மன்னர் 1798-ல் பட்டத்துக்கு வந்தார். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1791-ல், இங்கிலாந்தில் ஜேம்ஸ் வெதர்பி என்பவர் குதிரையை அறிந்துகொள்ள முற்றிலும் வேறு ஒரு வழியை அச்சுப் போட்டுவிட்டார். அதில் சுழி கிடையாது, பல் கிடையாது. யாருக்கு யார் பிறந்தது என்று மட்டும் இருக்கும். ஜெனரல் ஸ்டட் புக் என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால் குதிரைகளின் பேரேடு.

உலகம் முழுக்க ரேஸில் ஓடும் தரோபிரெட் என்ற ஜாதிக்கு அர்த்தமே இதுதான். எவ்வளவு வேகமாக ஓடினாலும், அப்பா அம்மா இரண்டு பேரும் பேரேட்டில் இல்லையென்றால் அது தரோபிரெட் இல்லை. மூன்று கால் நொண்டினாலும், பேரேட்டில் இருந்தால் தரோபிரெட்தான்!

பேரேட்டின் முதல் பக்கத்துக்குப் போனால் மூன்று ஆண் குதிரைகள். மூன்றும் இங்கிலாந்துக் குதிரை கிடையாது. முதலாவது பையர்லி டர்க். கேப்டன் பையர்லி 1690-ல் அயர்லாந்தில் பாய்ன் போருக்கு ஏறிப்போனது. இரண்டாவது டார்லி அரேபியன். தாமஸ் டார்லி என்பவர் சிரியாவின் அலெப்போவில் வாங்கி 1704-ல் யார்க்‌ஷயருக்கு அனுப்பியது. மூன்றாவது கோடால்ஃபின் அரேபியன். துனிசிலிருந்து பிரான்ஸ் வழியாக வந்து, முதலில் மற்ற குதிரைகளுக்கு எடுபிடியாக இருந்து, பிறகு பெரிய வம்சத்துக்குத் தகப்பன் ஆனது. (பாரிசில் தண்ணி வண்டி இழுத்தது என்று ஒரு கதை உண்டு. நம் சினிமாக்காரர்கள் கண்ணில் இன்னும் படவில்லை போல.) அதாவது பூம்புகாருக்கும் காயலுக்கும் வந்து இறங்கிய அதே மேற்காசியச் சரக்குதான் இங்கிலாந்திலும் இறங்கியிருக்கிறது. இங்கே ஆயிரக்கணக்கில் வந்து தடமில்லாமல் போனது. அங்கே கொஞ்சம் வந்து உலகத்தையே பிடித்தது. ஈரமில்லாத புல்வெளி ஒரு காரணம், லாடம் அடிக்கத் தெரிந்தவன் ஒரு காரணம். எழுதி வைத்தது மூன்றாவது காரணம்.

டார்லி அரேபியனின் கொள்ளுப்பேரனுக்கு மகன் எக்லிப்ஸ். 1764 ஏப்ரல் 1, சூரிய கிரகணத்தன்று பிறந்ததால் அந்தப் பெயர். நம்மூராக இருந்தால் கிரகணத்தில் பிறந்தது ஆகாது என்று தள்ளிவிட்டிருப்பார்கள்! வளர்த்த பிரபு செத்துப்போக, ஏலத்தில் இறைச்சிச் சந்தைக்குக் கால்நடை விற்கும் ஒரு வியாபாரி அதை வாங்கினார். ஓடிய 18 ரேஸிலும் ஜெயித்தது. கடைசியில் அதை எதிர்த்துக் குதிரை விட ஆள் இல்லாமல் பண்ணைக்கு அனுப்பினார்கள். இன்று உலகத்தில் உள்ள தரோபிரெட் ஆண் குதிரைகளில் சுமார் 95 சதவீதம் தந்தை வழியில் டார்லி அரேபியனில் போய் முடிகின்றன, அதில் பெரும்பகுதி எக்லிப்ஸ் வழியாக. மற்ற இரண்டு தாத்தாக்களுக்கும் சேர்த்து மிச்சம் 5.

பேரேடு என்றால் அதில் தில்லுமுல்லும் இருக்கத்தானே செய்யும்? 1844-ல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயம். மூன்று வயதுக் குதிரைகள் மட்டும் ஓடலாம். ரன்னிங் ரெயின் என்ற குதிரை முதலில் வந்தது. பிறகு பார்த்தால் அது ரன்னிங் ரெயினே இல்லை, மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை! கோர்ட்டில் குதிரையைக் கொண்டுவா என்று நீதிபதி சொன்னதும் குதிரையைக் காணோம். அதே பந்தயத்தில் கால் உடைந்து கொல்லப்பட்ட லியாண்டர் என்ற குதிரை மீதும் சந்தேகம் வர, புதைத்ததைத் தோண்டி எடுத்துப் பல்லைப் பார்த்தார்கள். அதுவும் நான்கு வயது. பேரேடு வந்து ஐம்பது வருஷம் ஆன பிறகும் கடைசியில் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. நகுலன் சிரித்திருப்பான்.

இன்னும் சுவாரஸ்யம், சுழியும் திரும்பி வந்துவிட்டது. இப்போது ரேஸ் குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. அதில் குதிரையின் படம் வரைந்து சுழி எங்கெங்கே இருக்கிறது என்று குறிப்பார்கள். அதிர்ஷ்டத்துக்கு இல்லை, ஆள் மாறாட்டத்தைத் தடுக்க. கைரேகை மாதிரி. இந்தியாவில் இந்தப் பதிவை எல்லாம் புனேயில் உள்ள ஸ்டட் புக் அமைப்பு வைத்திருக்கிறது. தாய் தகப்பனை உறுதிசெய்ய டி.என்.ஏ. பரிசோதனையும் வந்தாகிவிட்டது.

அந்த டி.என்.ஏ.தான் பேரேட்டுக்கு ஆடிட்டராகவும் வந்து சேர்ந்தது. செயின்ட் சைமன் என்று தோல்வியே காணாத ஒரு குதிரை, 1881-ல் பிறந்தது. பேரேட்டின்படி அது டார்லி அரேபியன் வம்சம். 2019-ல் ஆண்வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தவர்கள் அதன் வழிவந்தவற்றைப் பார்த்தால் பையர்லி டர்க் வம்சத்து முத்திரை இருக்கிறது. நடுவில் எங்கேயோ ஒரு அப்பன் பெயர் மாறிவிட்டது. அவ்வளவு ஏன், எக்லிப்ஸின் அப்பன் மார்ஸ்கா, ஷேக்ஸ்பியரா (குதிரைதான்!) என்று அந்தக் காலத்திலேயே சண்டை. தாய்வழியைச் சோதித்தவர்களும் பல இடங்களில் எழுதியதும் ரத்தமும் ஒத்துப்போகவில்லை என்றார்கள்.

தாய்வழி என்றதும் சொல்லியே ஆக வேண்டும். இந்த விஷயத்தில் பேரேடு செய்திருப்பது பெரிய அநியாயம். ஆண் குதிரைகளுக்குச் சிலை, ஓவியம், மியூசியத்தில் எலும்புக்கூடு. ஆரம்பகாலப் பெண் குதிரைகளில் பலவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது. 'இன்னாருடைய குதிரை' என்று எஜமானன் பெயரைப் போட்டு எழுதியிருப்பார்கள். வீட்டு வாசலில் வந்து நின்று "இன்னார் சம்சாரம் இருக்காங்களா" என்று கேட்பதைப் போல. ஆனால் 2001-ல் வந்த ஒரு ஆய்வுப்படி இன்றைய தரோபிரெட்களில் 72 சதவீதம் தாய்வழியில் பத்தே பத்துப் பெண் குதிரைகளில் போய் முடிகின்றன. அதில் ட்ரெகன்வெல் என்பவருடைய ஒரு குதிரை மட்டும் 14 சதவீதத்துக்கு மூலப் பாட்டி.

அதைவிடப் பெரிய குண்டு 2012-ல் விழுந்தது. குறைந்த தூரத்தில் மின்னல் வேகம் கொடுக்கும் ஒரு மரபணு மாற்றம் தரோபிரெட்களில் இருக்கிறது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஜீனில் ஒரு சின்ன மாற்றம். இது எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். வெளியிலிருந்து வந்த அந்த மூன்று மகாராஜாக்களிடமிருந்து என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆய்வு காட்டியது வேறு. சுமார் 300 வருஷம் முன்னால் பிரிட்டனிலேயே இருந்த ஒரு உள்ளூர்ப் பெண் குதிரையிடமிருந்து! யாரும் கொண்டாடாத நாட்டுக் குதிரை. பேரேட்டுக்கு வெளியே இருந்து வந்தவளின் சொத்தை வைத்துத்தான் பேரேடு இத்தனை வருஷம் வியாபாரம் பண்ணியிருக்கிறது.

1973-ல் அமெரிக்காவில் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்த செக்ரட்டேரியட்டும் இதற்கு ஒரு சாட்சி. அதன் மகன்கள் யாரும் அப்பனைப் போல் வரவில்லை, முதலீடு செய்தவர்கள் நொந்துபோனார்கள். ஆனால் அதன் மகள்கள் வயிற்றில்தான் ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி என்று அடுத்த தலைமுறை சூப்பர் ஸ்டார்கள் பிறந்தன.

பேரேடு பணம் பண்ணுகிற விதம் தனி. தரோபிரெட்டில் செயற்கைக் கருவூட்டல் செல்லாது, நேரடியாகச் சேர்ந்து பிறந்தால்தான் பதிவு. அதனால் நல்ல பொலிகுதிரையின் ஒவ்வொரு 'சந்திப்பு'க்கும் விலை. கனடாவில் 1961-ல் பிறந்த நார்தர்ன் டான்சர் குட்டையாக இருந்ததால் குட்டியில் 25,000 டாலருக்குக்கூட வாங்க ஆள் இல்லை. 1964-ல் கென்டக்கி டெர்பியை ஜெயித்தது. 1980-களில் அதனிடம் ஒரு பெண் குதிரையைக் கொண்டுபோக 10 லட்சம் டாலர் வரை கேட்டார்கள். மேலே சொன்ன வேக மரபணு உலகம் முழுக்கப் பரவியதும் அதன் அப்பன் நியர்க்டிக் வழியாகத்தான். நார்தர்ன் டான்சரின் மகன்களில் ஒன்றான ரஸீன் இந்தியாவுக்கு வந்து இங்கே பல கிளாசிக் வெற்றியாளர்களைப் பெற்றது. இன்னொரு மகன் ஸ்நாஃபி டான்சர். 1983-ல் 1.02 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஒரு ரேஸ்கூட ஓடவில்லை. சரி, பண்ணைக்காவது ஆகும் என்று விட்டால் மொத்தம் நான்கு குட்டிதான் பிறந்தது. 2006-ல் 1.6 கோடி டாலருக்குப் போன தி கிரீன் மங்கி மூன்று தடவை ஓடி ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. பேரேட்டில் குட்வில் என்று எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், குதிரை அதைப் படிப்பதில்லையே!

இந்தியாவிலும் பேரேடு பெற்ற பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஸ்குவாண்டரர் 19 ரேஸில் 18 ஜெயித்தது (பெயருக்கு அர்த்தம் ஊதாரி!). எல்யூசிவ் பிம்பர்னெல் 23-ல் 22. சென்னை கிண்டியில் 1777-லேயே பந்தயம் ஆரம்பித்துவிட்டது. சரபோஜி பிறந்ததும் அதே வருஷம்தான், சும்மா ஒரு தகவல். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் வந்தது. நாலு மா நிலத்தைக் கிண்டியில் விட்டுவிட்டு வந்த மிராசுதார் என்பது டெல்டாப் பக்கம் பேச்சிலும் கதையிலும் சினிமாவிலும் அடிக்கடி வருகிற பாத்திரம். 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது. ரேஸ் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்தது என்றார்கள். குதிரையின் பிறவித் திறன், ஜாக்கி, எடை, தூரம் எல்லாவற்றையும் ஆராய்ந்துதான் பணம் கட்டுகிறார்கள் என்பது வாதம். பிறவித் திறன் என்றால் என்ன? அப்பன், ஆத்தாள், பேரேடு! நிலத்தை விட்ட மிராசுதார் அன்றைக்குப் பேரேட்டைப் புரட்டியிருந்தால் தப்பித்திருப்பாரா என்பது வேறு கேள்வி. 2024-ல் கிண்டி மைதானத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தது. ஊட்டி மைதானமும் அதே வருஷம் அரசு கைக்குப் போனது.

உண்மையான பிரச்சினை பேரேட்டுக்குள்ளேயே இருக்கிறது. கதவைச் சாத்தியாகிவிட்டது, புதிய ரத்தம் உள்ளே வராது. உள்ளே இருப்பவற்றிலும் எல்லாருக்கும் ஜெயித்த நாலைந்து குதிரையின் வாரிசுதான் வேண்டும். 2020-ல் 10,000-க்கும் மேற்பட்ட தரோபிரெட்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை, அவற்றில் 97 சதவீதத்தின் வம்சாவளியில் நார்தர்ன் டான்சர் இருக்கிறது என்றது. கடந்த 45 வருஷமாக உள்ளுறவு கூடிக்கொண்டே வருகிறது என்றும் சொன்னது. அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டால் டாக்டர் என்ன சொல்வார் என்பது தெரியும்தானே? அதே கதைதான். நெருங்கிய உறவில் பிறந்த குட்டிகள் பந்தயத்துக்கே வராமல் போகும் வாய்ப்பு அதிகம் என்று அடுத்த ஆய்வும் வந்துவிட்டது. ஒரு பொலிகுதிரைக்கு வருஷத்துக்கு 140 பெண் குதிரைக்கு மேல் கூடாது என்று அமெரிக்க ஜாக்கி கிளப் 2020-ல் ஒரு வரம்பு கொண்டுவந்தது. பெரிய பண்ணைகள் கோர்ட்டுக்குப் போயின. 2022-ல் வரம்பை வாபஸ் வாங்கிவிட்டார்கள். லாபம் இந்த வருஷப் புத்தகத்தில் வருகிறது. நஷ்டம் ஐம்பது வருஷம் கழித்து வேறு யாருடைய புத்தகத்திலோ வரப்போகிறது. அதற்கு யார் புரொவிஷன் எழுதுவார்கள்?

சரி, டெல்டாவுக்குத் திரும்புவோம். நிஜக் குதிரை இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னது முழு உண்மை இல்லை. காணும் பொங்கலன்று திருக்கடையூரில் நடக்கும் எல்கைப் பந்தயம் இந்தப் பக்கம் பேர்போனது. தரங்கம்பாடி ரோட்டில் மாட்டு வண்டி, குதிரை வண்டி இரண்டும் சீறும். மாட்டில் சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்று பிரிப்பதைப் போலக் குதிரையிலும் சின்னக் குதிரை, நடுக் குதிரை, பெரிய குதிரை. வம்சாவளி கேட்கமாட்டார்கள், உயரம் பார்ப்பார்கள். ஓடுகிறதா, ஓடட்டும். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம் நின்று கத்துவதில் எந்த டெர்பிக்கும் குறைச்சல் இல்லை. வண்டி ஓடும் தார் ரோட்டில் குதிரையை விரட்டுவது அதன் காலுக்கு நல்லதா என்று கேட்டால், இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அங்கிருந்து தெற்கே கடற்கரையோடு போனால் வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரை. 1967-ல் சரணாலயம் ஆன இடம். வெளிமானும் பூநாரையும் பார்க்க வருகிறவர்கள் அங்கே ஒரு காட்சியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். மட்டக்குதிரைகள், கூட்டம் கூட்டமாக, கடிவாளம் இல்லாமல்! எப்போதோ மனிதர்கள் வளர்த்து விட்டுவிட்ட குதிரைகளின் வாரிசுகள் அவை. யாரும் கொள்ளு வைக்கவில்லை, லாடம் அடிக்கவில்லை. வனத்துறைக்கு அவை தலைவலிதான். வெளிமான் மேயும் புல்லில் பங்குக்கு வருகின்றன, சீமைக் கருவேலங்காயைத் தின்று விதையைக் காடு முழுக்கப் போட்டுவைக்கின்றன. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரிக்காரர்கள் இதையெல்லாம் போய் ஆராய்ந்திருக்கிறார்கள்.

எந்தக் குட்டிக்கு எது அப்பன் என்று அங்கே எழுதிவைக்க வெதர்பி இல்லை. ஒரு ஆண் குதிரை, நாலைந்து பெண் குதிரை, பின்னாலேயே குட்டிகள். மார்க்கோ போலோ ஏறி உட்கார முடியாது என்று சொன்ன அந்தக் குட்டி, ஆள் ஏறத் தேவையே இல்லாத ஒரு இடத்தைப் பார்த்து உப்பு மண்ணில் நின்று மேய்ந்துகொண்டிருக்கிறது.